ஒன்றேகால் லட்சத்தில் மிச்சம் ஒன்று

போன கிழமை மகள் டவுனுக்குப் போய் வரும்போது எனக்கென்று ஒரு சாமான் வாங்கி வந்தாள். மோதிரம் மாதிரி விரலில் மாட்டிக்கொள்வது. அதில் சின்னதாக ஒரு கண்ணாடி, பக்கத்தில் ஒரு பொத்தான். ஓத ஓதக் கட்டைவிரலால் அமத்தினால் எண்ணிக்கை தானாக ஏறும். நீங்களும் பார்த்திருப்பீர்கள், இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது.

நான் அப்போது குசினியில் பழப்புளி கோது எடுத்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் பிசுபிசுப்பு. அவளே என் விரலில் மாட்டிவிட்டாள்.

“இது எவ்வளவு மட்டும் எண்ணும்?” என்று கேட்டேன்.

“அஞ்சு இலக்கம் இரிக்கி உம்மா. தொண்ணூத்தொம்பதாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வரைக்கும் போகும். அதுக்குப் பொறகு சைபருக்கு வந்திரும்.”

“அப்பக் காணாது.”

அவள் சிரித்தாள். “அதுக்கு மேலயும் என்னத்த ஓதப் போறீங்க, சொர்க்கத்தில வீடு ரெண்டு மாடியில வேணுமாக்கும்!”

நானும் சிரித்து வைத்தேன். கையில் இருந்த புளியங்கொட்டையை மட்டும் கீழே போட மனம் வரவில்லை. பழப்புளியின் அந்தப் புளித்த வாசம் வந்தாலே எனக்குக் குசினி மறந்துவிடும். மாமியின் முன்மண்டபத்துச் சீமேந்துத் தரை வந்துவிடும், வெள்ளைச் சீலை விரித்து அதன் நடுவே குவித்த கொட்டைகள் வந்துவிடும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கணக்கு எனக்குப் பயம். ஆனால் ஒரேயொரு எண்ணை மட்டும் என் கைரேகை போலத் தெரியும். ஒரு லட்சத்து இருபத்தையாயிரம். எங்கள் பேச்சில் ஒண்டேகால் லட்சம்.

யூனுஸ் நபி மீன் வயிற்றுக்குள் இருந்து ஓதிய துஆ ஒன்று இருக்கிறதல்லவா, ஒரு வரிதான். தாங்க முடியாத முடை ஏதும் வந்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒரு வீட்டில் கூடி, அந்த ஒரு வரியை ஒண்டேகால் லட்சம் தடவை ஓதி முடித்து, பிறகு கையேந்துவார்கள். ஏன் அந்த எண், யார் வைத்தது என்றெல்லாம் நாங்கள் கேட்டதில்லை. அந்த வரியை நான் இங்கே எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். எழுதாததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

கிண்ணியாவுக்கு அப்போது பாலம் இல்லை. டவுனுக்குப் போவதென்றால் பாதையில் ஏற வேண்டும். பாதை என்றால் வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு துறையைக் கடக்கும் மிதவை. நான் கல்யாணம் முடித்து ஒரு வருசமும் ஆகவில்லை. மாமிக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவர் இவர், என் கணவர். இளையவன் றபீக், என்னை விட ஒரு வயது குறைவு. வாயாடி. என் சோற்றைப் பார்த்து, “மச்சி, இத வலையில கட்டி எறிஞ்சா ஈயக்கட்டியே தேவல்ல” என்று சொன்னவன். குழைந்த சோறு ஆக்கிய நாளெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். இன்றைக்கும் குழைகிறதுதான்.

ஒரு சனிக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டு இரண்டு பேரும் ஒரே போட்டில் போனார்கள். பகல் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம் என்றுதான் போனது. ளுஹர் ஆனது, அஸர் ஆனது, வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. கூடப் போன போட்டுகளெல்லாம் வந்துவிட்டன. காற்று மாறிவிட்டது என்றார்கள், எஞ்சின் நின்றிருக்கும் என்றார்கள். துறையில் ஆண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். எங்களைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். அந்த நிறுத்தம்தான் என்னைக் கொன்றது.

திங்கள் காலை பக்கத்து வீட்டு ஸுபைதா ராத்தா ஒரு உரப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தா. உள்ளே கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை. அவ உடுப்புத் தைக்கிறவ. ஊரில் எந்த வீட்டுப் பெருநாள் உடுப்பும் அவவின் கத்தரிக்கோலைத் தாண்டித்தான் போகும். சும்மா இருந்து அழுதால் அல்லாஹ் கோவிப்பான் என்று சொல்லி, அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு இருத்தினா.

எண்ணிப் பார்த்தால் எட்டுப் பேர் இருந்தோம். ஸுபைதா ராத்தா, அவவின் தங்கச்சி, எதிர் வளவுப் பெண்கள் நாலு பேர், நான், மாமி.

மாமி இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. சுவரில் சாய்ந்து இருந்தா. உதடு வெடித்துக் கிடந்தது. “நானும் ஓதுறன்” என்று எழும்பி வந்தா. நான்தான் தடுத்தேன். என் வாயால்தான் சொன்னேன்: “நீங்க படுங்க மாமி. உங்களுக்கு ஏலாது. நாங்க ஏழு பேரும் காணும்.”

பரிதாபப்பட்டுத்தான் சொன்னேன். அது அல்லாஹ்வுக்குத் தெரியும்.

ஸுபைதா ராத்தா துணியில் கோடு போடும் சோக்கை எடுத்து அந்தச் சீமேந்துத் தரையிலேயே கணக்குப் போட்டா. ஒண்டேகால் லட்சத்தை ஏழால் பிரித்தா. நாங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆளுக்குப் பதினேழாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு. அடியில் ஒன்று மிஞ்சியது. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டா.

“ஒண்டு தொங்குது” என்றா.

அவவின் தங்கச்சி விடவில்லை. “நீ தைச்ச சட்டையிலயும் எப்பவும் ஒரு கை தொங்குந்தானே.”

அந்த நேரத்திலும் ஒரு சிரிப்பு வந்தது. மனிசரை அல்லாஹ் அப்படிப் படைத்திருக்கிறான். ஸுபைதா ராத்தா சிரிக்காமல் தன் தையல் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு மஞ்சாடி விதையை எடுத்தா, சிவப்பாய், பளபளவென்று. அதை மாமியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினா. “இது உங்கட ஒண்டு. நாங்க எல்லாரும் முடிச்ச பொறகு, கடைசியா நீங்க ஓதி முடிச்சி வைங்க. பெத்த வாயில முடிஞ்சா கேட்டது கபூலாகும்.”

மாமி தலையை ஆட்டினா.

எப்படி எண்ணினோம் என்று கேட்பீர்கள். ஆளுக்கு ஒரு நூறுமணித் தஸ்பீஹ். ஒரு சுற்று முடிந்தால் குவியலில் இருந்து ஒரு கொட்டையை எடுத்துத் தன் மடிக்கு முன்னால் வைப்பது. நூற்றி எழுபத்தெட்டுக் கொட்டை சேர்ந்ததும், பிறகு ஒரு அம்பத்தேழு மணி. அதோடு ஒருவர் பங்கு முடிந்தது. மூன்று பகல் ஓதினோம். தொழுகைக்கு எழும்புவோம், ஒரு வாய் கஞ்சி குடிப்போம், திரும்ப வந்து உட்காருவோம். முதல் நாள் நாக்கு வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டாம் நாள் நாக்கு கட்டை மாதிரி ஆனது. மூன்றாம் நாள் ஓதுவது நானா வேறு யாருமா என்றே தெரியவில்லை. கண்ணை மூடினால் கடல், திறந்தால் கொட்டை. என் மடிக்கு முன்னால் ஒரு கொட்டை கூடும்போது அவர்கள் ஒரு பாகம் கரைக்குக் கிட்ட வந்ததாக நினைத்துக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவவின் குவியல் என்னுடையதை விடச் சிறியதாக இருந்தால் ஆத்திரம் வரும். உன் பிள்ளையா கடலில், அதுதான் ஆறுதலாக ஓதுகிறாய் என்று மனதுக்குள் ஏசியிருக்கிறேன். அந்த நல்ல பெண்களை. அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

புதன்கிழமை அஸருக்குப் பிறகு என் அம்பத்தேழாவது மணியைத் தள்ளினேன். கடைசி ஆள் நான்தான். குவியலில் ஒரு கொட்டை மிச்சமில்லை. ஆயிரத்து இருநூற்று நாற்பத்தாறும் எங்கள் ஏழு பேருக்கு முன்னால் ஏழு கும்பமாக இருந்தது. எல்லாரும் மாமியைப் பார்த்தோம். மாமி நிமிர்ந்து உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்து, மஞ்சாடியை வைத்திருந்த கையை நெஞ்சில் வைத்தா. கண்ணை மூடி மூச்சை இழுத்தா.

அப்போதுதான் வெளியே ஒழுங்கையில் சத்தம் கேட்டது. “போட்டு வருது! கட்டி இழுத்திட்டு வாறாங்க!”

நான் பாய்ந்து எழும்பினேன். என் கால் பட்டுக் கொட்டைகள் சிதறின. மாமியின் கையைப் பிடித்து இழுத்தேன். “மாமி, வாங்க! வந்திட்டாங்க, வாங்க!” ஒரு வரிதான். ஓத நாலு நொடி போகாது. அந்த நாலு நொடியை நான் கொடுக்கவில்லை.

துறைக்கு ஓடினோம். ஒரு பெரிய போட் எங்கள் போட்டைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. உள்ளே ஒரு ஆள் கிடந்தார். நான் கண்டது அவர் உடுத்திப் போன சாரம். இவர்தான். மூச்சு இருந்தது. நான் தண்ணீருக்குள் இறங்கிக் கத்திக்கொண்டே ஓடினேன், அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று. பின்னால் மாமியின் குரல் கேட்டது. “மத்தவன் எங்க?” இழுத்து வந்தவர்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு இருந்தார்கள். “மத்தவன் எங்கடா?” நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குரியது கிடைத்துவிட்டது; நான் அதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அது அப்படித்தான் நடந்தது.

எஞ்சின் நின்று போட் இழுபட்டுப் போயிருக்கிறது. தண்ணிக் கேன் கைதவறிக் கடலில் விழுந்து மிதந்து போக, அதைப் பிடிக்க றபீக் குதித்திருக்கிறான். கேனைப் பிடித்தும் விட்டானாம். நீரோட்டம் போட்டை ஒரு பக்கமும் அவனை ஒரு பக்கமும் கொண்டுபோய்விட்டது. “நீந்திக்கிட்டுத்தான் இருந்தான் உம்மா. கேன் கையில இருந்திச்சி” என்று இவர் தாயிடம் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

மாமிக்கு அது போதுமாக இருந்தது. நீந்திக்கொண்டு இருந்தவன் எங்காவது கரை ஏறியிருப்பான். கையில் தண்ணீர் இருக்கிறது.

மூன்று நாள் கழித்து ஸுபைதா ராத்தா வந்து மெல்லக் கேட்டா. “மாமி, அந்த ஒண்டு மிச்சம் இரிக்கி. இப்ப ஓதிருங்க, கணக்கு முடிஞ்சிரும்.”

மாமி அவவை ஒரு பார்வை பார்த்தா. “முடிஞ்சா?”

“முடிஞ்சா துஆக் கேக்கலாம்.”

“முடிஞ்சிட்டெண்டா, அவன் வராட்டி நான் என்னத்தப் புடிச்சிக்கிட்டு இரிக்கிற?”

மாமி மஞ்சாடியை முந்தானையில் முடிந்து இடுப்பில் சொருகிக்கொண்டா. “இது அவண்ட ஒண்டு. அவனே வந்து ஓதட்டும்.”

அன்று முதல் அந்த ஒன்று அப்படியே இருந்தது. மாமி அந்த துஆவை ஓதாமல் இருந்தா என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ஓதுவா. நானும் ஓதுவேன். ஆனால் அது வேறு நிய்யத்து, மனதில் வைக்கும் எண்ணம் வேறு. மார்க்கத்தில் எல்லாம் நிய்யத்தில்தான் இருக்கிறது. அந்தக் கணக்குக்கு என்று நினைத்து ஓத வேண்டிய ஒன்றை மட்டும் மாமி தொடவில்லை. தரையில் சோக்குக் கட்டியால் எழுதிய அந்த வட்டத்தை நான் கூட்டும்போது விலக்கிக் கூட்டுவேன். அது தானாகத் தேய்ந்து போகும் வரைக்கும் யாரும் துடைக்கவில்லை.

என்னை மாமி ஒரு தரம்தான் குத்திக் கதைத்தா. மகள் பிறந்து, நான் பிள்ளையை இவர் மடியில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரம். “உனக்கென்ன புள்ள, உண்ட பங்க எடுத்துக்கிட்டு ஓடினவ நீ.” அன்றைக்கே பின்னேரம் எனக்குப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத் தண்ணீர் காய்ச்சி, ஊதி ஊதி ஆற்றிக் கொடுத்தா. இரண்டும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நாங்கள் ஒரே குசினியில் வாழ்ந்தோம்.

பிறகு மகள் பள்ளிக்கூடம் போய், ஒருநாள் பகாக் காரணி என்று ஒரு கணக்கைக் கொண்டு வந்தாள். ஒரு பெரிய எண்ணை, இதற்கு மேல் உடைக்க ஏலாத சின்ன எண்களாக உடைப்பது. “நீங்க ஒரு நம்பர் சொல்லுங்க உம்மா, உடைச்சிக் காட்டுறன்” என்றாள். என் வாயில் வேறு எந்த எண் வரும்?

அவள் உடைத்தாள். இரண்டு, இரண்டு, இரண்டு. ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து. மூன்று இரண்டும் ஆறு ஐந்தும். வேறொன்றும் அதற்குள் இல்லை. “பாக்கப் பெரிசா இரிக்கி, உள்ளுக்க ரெண்டே ரெண்டு சாதிதான்” என்றாள். ஐம்பதை ஐம்பதால் பெருக்கி, திரும்ப ஐம்பதால் பெருக்கினாலும் அதுதான் வருமாம்.

“எட்டுப் பேருக்குப் பிரிச்சா?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது.

“எட்டெண்டா மூணு ரெண்டு. அந்த மூணு ரெண்டும் அதுக்காகவே இரிக்கிற மாதிரி. சரியாப் பிரியும். ஆளுக்குப் பதினஞ்சாயிரத்து அறுநூத்தி இருவத்தஞ்சி. மிச்சம் இல்ல.”

மிச்சம் இல்லை. எட்டுப் பேர் இருந்தோம். மாமியைப் படுங்க என்று சொன்னது நான். மாமியையும் இருத்தியிருந்தால் ஒன்றும் தொங்கியிருக்காது. எல்லாம் ஒரே மூச்சில் முடிந்திருக்கும், போட்டுச் சத்தம் வருவதற்கு முன்பே முடிந்திருக்கும்.

அதன் பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. மகள் எழுதி முடித்த கொப்பிகளின் பின் ஒற்றைகளில், சமையல் அடுப்பில் இருக்கும்போது, அந்த எண்ணைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். மூன்றால் பிரித்தால் இரண்டு மிச்சம். ஆறால் பிரித்தாலும் இரண்டு. ஒன்பதில் எட்டு. பதினொன்றில் ஏழு. நான் கணக்குத் தெரியாதவள். ஒவ்வொன்றும் பிழைத்து, வெட்டி, திரும்பப் போட்டுத்தான் வந்தது. சோறு எத்தனை தரம் அடிப்பிடித்தது என்று கேட்காதீர்கள். இரண்டில் இருந்து தொடங்கி நாற்பதைத் தாண்டிப் போனேன். ஒன்று மட்டும் தனியே மிஞ்சுவது ஏழில் மட்டும்தான். வேறு எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் ஒன்று மிஞ்சியிருக்காது. ஒன்றும் இல்லாமல் போயிருக்கும், அல்லது இரண்டோ ஐந்தோ எட்டோ மிஞ்சிப் பலபேருக்குப் பங்கு போயிருக்கும். ஏழுக்கு மட்டும் ஒன்று. கடைசியாக நாற்பத்தொன்பதைப் போட்டேன். மறுபடியும் ஒன்று. ஏழேழு. அந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டேன்.

அல்லாஹ் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும். யூனுஸ் நபி எத்தனை தடவை ஓதினார் என்று குர்ஆனில் எங்கும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவையாகக்கூட இருக்கும். அப்படி ஆறுதல் தேடினால் அதுவும் குத்துகிறது. ஒரே தடவை போதும் என்றால், அந்த ஒரே தடவையைத்தானே நான் தடுத்தேன்?

மாமி மௌத்தானது ஒரு மழை நாளில், காலையில். மையத்தைக் குளிப்பாட்டியது நானும் ஸுபைதா ராத்தாவும். சீலையைக் களையும்போது முந்தானை முடிச்சு கையில் தட்டுப்பட்டது. அவிழ்த்தேன். சிவப்பு மங்கவே இல்லை. கஃபன் துணியோடு ஒன்றையும் வைக்கக் கூடாது என்பது சட்டம். ஸுபைதா ராத்தா அதைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. “இனி நீ பாத்துக்க” என்று மட்டும் சொன்னா.

மாமியை அடக்கி ஏழாம் நாள் இவர் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். றபீக் போன அன்றோடு கடலுக்குப் போவதை விட்டவர் அவர். திடீரென்று பேசினார்.

“அவன் போட்டுக்குள்ள பகிடிதான் விட்டுக்கிட்டு இருந்தான். ‘காக்கா, உம்மா இப்ப ஊரு முழுக்கப் புளியங்கொட்டை சேப்பா, பாரு. ஆணம் வெக்க ஊருல பழப்புளி மிஞ்சாது’ எண்டான்.”

நான் சிரித்து அழுதேன். பிறகு கேட்டேன், அத்தனை வருசம் கேட்கப் பயந்ததை. “றபீக் குதிச்சது எண்டைக்கி?”

“ஞாயித்துக்கிழம. பின்னேரம்.”

நாங்கள் சோக்குக் கட்டியைக் கையில் எடுத்தது திங்கள் காலை.

“உம்மாட்ட ஏன் சொல்லல்ல?”

“சொல்லி?” என்றார். எழும்பிக் கதிரையை உள்ளே தூக்கும்போது, “ஓதினதெல்லாம் எனக்குத்தான் வந்திரிக்கி. அவனுக்கு ஒண்டும் போகல்ல” என்றார்.

“அந்த ஒண்டு இரிக்கி” என்று நான் சொன்னேன். வேறு என்னத்தைச் சொல்ல? அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் கதைத்ததில்லை. இவரும் போய் மூன்று நோன்பு கடந்துவிட்டது.

இப்போது அப்படி யாரும் கூடி ஓதுவதில்லை. அந்த எண்ணுக்கு ஆதாரம் இல்லை என்று படித்த பிள்ளைகள் சொல்கிறார்கள், என் மருமகனும் சொல்கிறார். நான் தர்க்கிக்கப் போவதில்லை. அவர்கள் கிதாபு பார்த்தவர்கள். பாலம் வந்தது, பாதை போனது. மாமியின் வீட்டை இடித்து மாபிள் போட்டுவிட்டார்கள். அந்தச் சீமேந்துத் தரை எந்தப் பள்ளத்தை நிரப்பப் போனதோ தெரியாது. புளியங்கொட்டை உரப்பையைக் கறையான் தின்றது. ஸுபைதா ராத்தா போனா, அவவின் தங்கச்சி போனா. எதிர் வளவுப் பெண்களில் கடைசி ஆளைப் போன மாதம் கபுறடிக்குக் கொண்டுபோனார்கள். ஏழு பேரில் நான் ஒருத்தி மிச்சம்.

மஞ்சாடி என் அலுமாரிக்குள், ஒரு மருந்துக் குப்பியில் இருக்கிறது. சில நாள் அஸருக்குப் பிறகு அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்காருவேன். ஓதி முடித்துவிடு, போதும் என்று மனம் சொல்லும். நிய்யத்து வைக்கப் போவேன். விதையைத் திரும்பக் குப்பிக்குள் போட்டுவிடுவேன். ஓதினால் கணக்கு முடிந்துவிடும். றபீக் மௌத்து என்று நான் ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த வரியை இங்கே எழுதாததும் அதற்குத்தான், இந்தக் கணக்கை நினைத்துக்கொண்டு எழுதினால் அதுவே அந்த ஒன்றாகிவிடும். ஓதாமல் போனாலும் ஒருநாள் முடிந்துதான் போகும். ஒன்று மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தவள் இந்த ஊரில் நான் மட்டும்தான். என்னோடு அதுவும் போய்விடும். பிறகு பார்க்கிறவர்களுக்கு அது ஒரு குப்பியும் ஒரு சிவப்பு விதையும்.

மகள் மாட்டிவிட்ட எண்ணும் மோதிரம் இன்னும் விரலில்தான் இருக்கிறது. நான் அதை அமத்தவில்லை. கண்ணாடியில் ஐந்து சைபர்.

அதனால்தான் உங்களிடம் சொல்லி வைக்கிறேன். ஒன்று மிச்சம் இருக்கிறது. அது அவனுடையது.